ஜாஸ், தி மெக்: காட்டாத சுறாவும் காட்டிய சுறாவும்

'ஜாஸ்' (1975) படத்துக்காக ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிஜக் கடலுக்கே போனார். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே, உப்புநீரில் இயந்திரச் சுறா அடிக்கடி செயலிழந்தது. 55 நாள் எனத் திட்டமிட்ட படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. வேறு வழியின்றி, சுறாவை மறைத்து, மிதக்கும் மஞ்சள் பீப்பாய்களாலும் ஜான் வில்லியம்ஸின் இசையாலும் பயமுறுத்தினார். அந்த நெருக்கடி படத்துக்கு வாய்த்த பெரும்பேறு என்றே சொல்வேன்.

'தி மெக்' (2018) நியூசிலாந்தில் படமாக்கப்பட்டது. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலடான் என்ற ராட்சதச் சுறா, பசிபிக்கின் ஆழத்தில் இன்னும் வாழ்வதாகக் கதை. திரையில் அது கணினி வரைகலை. நாயகன் ஜேசன் ஸ்டேதம் அதனுடன் மோதும் காட்சிகளில் விறுவிறுப்பு உண்டு. ஆனால் சுறாவைத் தாராளமாகக் காட்டுவதால் அச்சம் சீக்கிரமே வடிந்துவிடுகிறது.

பிரம்மாண்டம் வேண்டுவோருக்கு இது போதும். உடல் சில்லிட வேண்டுமா? 'ஜாஸ்'தான்.