"ரிலீஸ்ட்" என்று வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம் இல்லை

அமெரிக்காவில் உங்கள் வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேட ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம். நான் செலவழித்தேன். கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் போனது. அதைவிடப் பெரிய நஷ்டம், இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளில் வக்கீல் வைத்திருந்தால் கதையே வேறு மாதிரி போயிருக்கலாம் என்ற எண்ணம் இன்னும் என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் என் சித்தி மகன். படிப்பு முடித்து, வெளிநாட்டு மாணவர்களுக்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. என்ற தற்காலிக வேலை அனுமதியில் டெக்சாஸில் வேலை பார்த்தான். நான் நியூ ஜெர்சியில். ஏன் பிடித்தார்கள் என்று இங்கே எழுதமாட்டேன். வழக்கு முடியவில்லை, அது அவன் விஷயம்.

சனிக்கிழமை காலை அவனுடைய ரூம்மேட் கூப்பிட்டான். "அக்கா, நேத்து ராத்திரி அவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போன் ஆஃப்ல இருக்கு. எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியல." அந்தப் பக்கம் சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. கை நடுங்க நடுங்க அந்தக் கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பெயரையும் "இன்மேட் சர்ச்", அதாவது கைதியைத் தேடல், என்றும் கூகுளில் தட்டினேன். முதலில் வந்ததைத் திறந்தேன். நீல நிறப் பக்கம், கொடி, கவுன்டி போலீஸ் தலைவரான ஷெரிஃபின் பேட்ஜ் மாதிரி ஒரு நட்சத்திரம், தலைப்பில் அதே கவுன்டியின் பெயர். அரசுப் பக்கம் இல்லை என்று நினைக்கவே தோன்றவில்லை. அது விளம்பரம் என்பதைப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

பெயர், வயது, ஊர் கேட்டது. அப்புறம் "கோர்ட் பதிவுகளைத் தேடுகிறோம்", "ஜெயில் பதிவுகளைத் தேடுகிறோம்" என்று ஒரு பச்சைக் கோடு பத்து நிமிடம் நகர்ந்தது. நடுவில் "நீங்கள் பார்க்கப்போவது அதிர்ச்சி தரலாம், தயாரா?" என்று வேறு கேட்டது. தவிப்பில் இருக்கும் ஆளிடம் கேட்கிற கேள்வியா அது? கடைசியில், அறிக்கை தயார், ஒரு டாலர் கட்டுங்கள் என்றது. என் போன் நம்பரையும் கார்டையும் கொடுத்தேன். ஒரு டாலர் என்பது ஐந்து நாள் சோதனைக்கு மட்டும்தான், அப்புறம் மாதா மாதம் முப்பது டாலர் எடுத்துக்கொள்வார்கள் என்பது பட்டனுக்குக் கீழே சாம்பல் எழுத்தில் இருந்திருக்கிறது.

வந்த அறிக்கையில் அவன் பழைய வாடகை வீட்டு முகவரிகள் இருந்தன. அவன் பெயரை ஒத்த, 50 வயதுக்கு மேற்பட்ட வேறொருவரின் போக்குவரத்து வழக்கு இருந்தது. நான் கேட்ட ஒரே ஒரு விஷயம், அவன் இப்போது எங்கே என்பது, அதில் இல்லை. "நிலை மாறினால் மின்னஞ்சல் அனுப்புவோம்" என்று மட்டும் இருந்தது. சரி, காத்திருப்போம் என்று இருந்தேன்.

அன்று மதியம் ஒரு போன். கவுன்டி ஜெயிலிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அவன் முழுப்பெயர், பிறந்த வருடம், ஜெயிலில் பதிவு செய்யும்போது தரும் புக்கிங் நம்பர், என்ன குற்றச்சாட்டு, எல்லாம் கடகடவென்று சொன்னார். "இன்று இரவே விட்டுவிடலாம். காலில் கட்டும் எலக்ட்ரானிக் மானிட்டருக்கு மட்டும் 900 டாலர் கட்ட வேண்டும், வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும்" என்றார். போனிலேயே பணம் அனுப்பும் ஆப் வழியாக அனுப்பச் சொன்னார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் உள்ளே இருப்பவராகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பிவிட்டேன்.

அந்த விவரமெல்லாம் யாரும் பார்க்கலாம் என்பது எனக்குத் தெரியாமல் போனதுதான் என் தப்பு. அமெரிக்காவின் பல கவுன்டிகளில் ஷெரிஃப் அலுவலகமே ஜெயிலில் இருப்பவர்களின் பட்டியலை, ரோஸ்டர் என்பார்கள், இணையத்தில் போட்டு வைக்கிறது. பெயர், புக்கிங் நம்பர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை, பல இடங்களில் போட்டோ வரை அதில் இருக்கும். மோசடிக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் குடும்பத்துக்குப் போன் போடுகிறார்கள். ஜெயிலிலிருந்தோ கோர்ட்டிலிருந்தோ யாரும் கூப்பிட்டு, இந்த ஆப்பில் பணம் போடு, கிஃப்ட் கார்டு நம்பரைப் படி என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போனை வைத்துவிட்டு, கவுன்டியின் சொந்தப் பக்கத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

ஞாயிறு மாலை, நான் ஒரு டாலர் கட்டிய அந்தப் பக்கத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: "ஸ்டேட்டஸ்: ரிலீஸ்ட்." நாம் அனுப்பிய பணம் வேலை செய்துவிட்டது என்றே நம்பினேன். சித்தியைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, "வெளிய வந்துட்டான் சித்தி, போன் சார்ஜ் இருக்காது, நாளைக்குப் பேசிடுவான்" என்று நானே வாக்குக் கொடுத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன். அன்றிரவு ஒரு நிமிடம்கூட யாரும் அவனைத் தேடவில்லை.

திங்கள் மதியம் வரை போன் வரவில்லை. ரூம்மேட் லீவ் போட்டுவிட்டு நேரில் போய்க் கேட்டான். கவுன்டரில் இருந்த பெண்மணி திரையைப் பார்த்துவிட்டு, "அவர் நேற்றே ரிலீஸ், ஐஸ் கூட்டிப்போய்விட்டது" என்றாராம். ஐஸ் என்பது குடியேற்றச் சட்டத்தை அமலாக்கும் மத்திய அரசு அமைப்பு. அங்கேயே நின்று ரூம்மேட் ஷெரிஃபின் இலவச ரோஸ்டரைத் திறந்தான். என் சித்தி மகன் பெயருக்கு எதிரே "ரிலீஸ்ட்", அடுத்த கட்டத்தில் காரணம்: வேறு ஏஜென்சியிடம் ஒப்படைப்பு. நான் காசு கொடுத்த பக்கம் முதல் கட்டத்தை மட்டும் எடுத்துப் போட்டு, இரண்டாவது கட்டத்தை விட்டுவிட்டது.

இதைத்தான் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். "ரிலீஸ்ட்" என்றால், "இந்த இடத்தின் கணக்கிலிருந்து ஆள் போய்விட்டார்" என்பது மட்டும்தான் பொருள். ஜாமீனில் வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு கவுன்டிக்கு, மாநிலச் சிறைக்கு, மத்திய அரசின் (ஃபெடரல்) கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் மார்ஷல்களிடம், ஐஸிடம் போயிருக்கலாம். ஐஸ் ஒருவரை வேண்டும் என்றால் ஜெயிலுக்கு டிடெய்னர் என்று ஒரு தாள் அனுப்பும். விட வேண்டிய நேரத்துக்கு மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருந்து எங்களிடம் கொடுங்கள் என்று கேட்கும் தாள் அது. மாஜிஸ்ட்ரேட் இவனைச் சொந்தப் பிணையிலேயே விட்டிருக்கிறார் என்று வக்கீல் பிறகு சொன்னார். பணமே கட்டத் தேவையில்லாத விடுதலை. நான் 900 டாலர் கொடுத்தது எதற்குமே இல்லை.

அப்புறம் ஐஸின் தேடல் பக்கத்துக்குப் போனோம். அதுவும் இலவசம்தான். பெயரும் பிறந்த நாடும் போட்டுத் தேடலாம், இல்லையென்றால் குடியேற்றத் துறை வெளிநாட்டவருக்குத் தரும் "ஏ-நம்பர்" என்னும் ஒன்பது இலக்க எண்ணும் பிறந்த நாடும் போட்டுத் தேடலாம். பெயர் போட்டோம், இல்லை என்றது. மாற்றிப் போட்டோம், இல்லை. நம் ஆட்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு எழுத்து பிசகாத பெயர் வேண்டும். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பா பெயர் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால், சிலருக்கு ஓர் எழுத்து இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." என்று அடித்துவிடுவார்கள், முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். ரோஸ்டரிலும் அப்படியே ஏறலாம். ஆகவே தேடும்போது எஃப்.என்.யூ. போட்டுப் பாருங்கள். முன்பின்னாக மாற்றிப் பாருங்கள். அப்பா பெயரைத் தனியாகப் போடுங்கள். நீளமான பெயர் என்றால் இடைவெளி விட்டும் சேர்த்தும் பாருங்கள். கவுன்டி ரோஸ்டர் பலவற்றில் கடைசிப் பெயரின் முதல் சில எழுத்துகள் போட்டாலே பட்டியல் வரும். அது பெரிய உதவி. பிறந்த நாடு என்பதும் குடியுரிமை நாடு அல்ல. குவைத்தில் பிறந்த இந்தியப் பிள்ளைக்குக் குவைத் என்றுதான் போட வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது அவனுடைய ஓ.பி.டி. வேலை அனுமதி அட்டை. வரி தாக்கல் செய்யும்போது எனக்கு அதன் படத்தை அனுப்பியிருந்தான். அந்த அட்டையில் "யு.எஸ்.சி.ஐ.எஸ். நம்பர்" என்று இருப்பதுதான் ஏ-நம்பர். அதைப் போட்டதும் வந்துவிட்டது. லூசியானாவில் ஒரு தடுப்பு மையம். இரவு எட்டு மணிக்குத்தான் அது தெரிந்தது. அந்த எண் கையில் இருந்தால், குடியேற்ற நீதிமன்றத்தின் தானியங்கிப் பக்கத்தில் அடுத்த விசாரணைத் தேதியையும் பார்க்கலாம். கிரிமினல் வழக்கில் வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் கிடைப்பார், குடியேற்ற நீதிமன்றத்தில் கிடைக்கமாட்டார். எனவே இடம் தெரியாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

எங்கே எதைத் தேடுவது என்பது பற்றி நான் பிறகு கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் பிடிபட்டவர் முதலில் இருப்பது பெரும்பாலும் கவுன்டி ஜெயிலில். கவுன்டியின் அதிகாரப்பூர்வப் பக்கத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பு வழியாக மட்டும் ரோஸ்டருக்குப் போங்கள். சில ஷெரிஃப்கள் வேறு கம்பெனியின் தளத்தில் ரோஸ்டரை வைத்திருப்பார்கள், முகவரி விசித்திரமாக இருக்கும், அதனால்தான் கூகுளிலிருந்து நேராகப் போகக் கூடாது என்கிறேன். புக்கிங் முடிந்து பெயர் ஏறப் பல மணி நேரம் ஆகலாம். பெயர் இல்லை என்றால் ஜெயிலுக்குப் போன் பண்ணுங்கள், பிறந்த தேதி சொன்னால் தேடிச் சொல்வார்கள்.

தண்டனை பெற்று நீண்ட காலம் இருப்பவர்கள் மாநிலச் சிறைத்துறையின் பக்கத்தில் இருப்பார்கள். விடுதலையானவர்களின் பதிவு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில் விடுதலையானவர்களுக்கென்றே தனித் தேடல் உண்டு, 1997 அக்டோபரிலிருந்து. ஃபெடரல் சிறை என்றால் ஃபெடரல் சிறைத்துறையின் தேடல் பக்கத்தில் 1982 முதல் இருந்தவர்கள் வருவார்கள், விடுதலையானவர்களும் சேர்த்து. ஆனால் ஃபெடரல் வழக்கில் விசாரணைக்குக் காத்திருப்பவரை மார்ஷல்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு கவுன்டி ஜெயிலில்தான் வைத்திருப்பார்கள். ஃபெடரல் பக்கத்தில் பெயர் வரவில்லை என்பதற்காக மனம் விட வேண்டாம்.

மின்னஞ்சலில் தகவல் வேண்டும் என்றால் அதற்கும் இலவச வழி உண்டு. வைன் என்ற சேவை. 1993-இல் கென்டக்கியின் லூயிவில்லில் ஒரு இளம்பெண்ணை, ஜெயிலிலிருந்து வெளியே வந்த அவளுடைய பழைய காதலன் சுட்டுக் கொன்றான். அவன் வெளியே வந்ததே அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு, 1994-இல் அங்கே தொடங்கிய சேவை இது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்தது என்றாலும், குடும்பத்தாரும் பதிவு செய்துகொள்ளலாம். பல மாநிலங்களில் இருக்கிறது. ஆள் மாறினாலும் வெளியே வந்தாலும் போனிலோ மின்னஞ்சலிலோ சொல்லும்.

பணம் பற்றி. ஆப்பில் அனுப்பிய 900 டாலர், நானே அனுமதித்து அனுப்பியது என்று சொல்லி வங்கி கைவிரித்துவிட்டது. கார்டில் எடுத்த முப்பது டாலரை மறுத்து எழுதினேன், திரும்ப வந்தது. கிரெடிட் கார்டில் தவறான கட்டணம் வந்தால், அது வந்த ஸ்டேட்மென்ட்டிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்க வேண்டும், விட்டுவிடாதீர்கள். சந்தாவை ரத்து செய்ய அந்தப் பக்கத்தில் வழியே இல்லை, போனில் 40 நிமிடம் காத்திருந்தேன். நுகர்வோர் மோசடிப் புகார்களை வாங்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்.டி.சி.யிலும் புகார் கொடுத்திருக்கிறேன்.

அவன் ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். போனைப் பிடுங்கிவிட்டார்கள், ஒருவர் நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது என்றான். இப்போது என் நம்பரை மனப்பாடமாகச் சொல்கிறான். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தினமும் ஒரு தடவை சொல்ல வைக்கிறேன். அவனுடைய அடுத்த விசாரணை வரும் மாதம்.