சரளை மண்ணுக்குக் கோடு போடும் வண்டி: பள்ளிகள் வாங்கலாமா?

மைதானத்தில் வெள்ளைக்கோடு போடும் நாலு சக்கர வண்டியைப் பள்ளிகள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் நிற்பதை அப்படியே தள்ளிக்கொண்டு வந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மண்ணில் அது முதல் விளையாட்டு விழாவோடு மூலைக்குப் போய்விடும். சக்கரம், தொட்டியின் வாய், உள்ளே கொட்டும் பொடி ஆகிய மூன்றையும் நம் தரைக்குத் தக்கபடி பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வண்டியின் அருமை அதிகம் தெரிவது, பி.டி. மாஸ்டராகச் சேர்ந்து, பல வருஷம் பயிற்சி கொடுத்து, பிறகு பள்ளி முதல்வராகவும் ஆனவர்களுக்குத்தான். ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டி, அதில் ஜெயித்தால் வருவாய் மாவட்டப் போட்டி, பொங்கல் முடிந்ததும் ஆண்டு விளையாட்டு விழா. இதற்கு நடுவில் பெற்றோர் கூட்டம், தேர்வு வேலை, அலுவலகக் கோப்புகள். முன்பெல்லாம் அடியில் ஆணித்துளை போட்ட டின்னைத் தட்டித் தட்டி, குனிந்த முதுகோடு அவரே கோடு போட்டிருப்பார். முதல்வர் ஆன பிறகு அதற்கு நேரமும் இல்லை, முதுகும் இடம் கொடுக்காது. வண்டி இருந்தால் ஆணி அடித்து அளவு குறிப்பதோடு அவர் வேலை முடிந்தது. தள்ளுவதை இரண்டு மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. மேலே தகரத் தொட்டி, அடியில் நீளவாட்டில் ஒரு சந்து, சந்தைத் திறந்து மூடக் கைப்பிடியில் ஒரு லீவர். அச்சோடு சேர்ந்து சுற்றும் கம்பித் துடுப்பு ஒன்று தொட்டிக்குள் இருக்கும். சக்கரம் உருண்டால் துடுப்பு பொடியைக் கிளறிச் சந்து வழியே தள்ளும். இந்தத் துடுப்பு இல்லாத மலிவு வண்டியை வாங்கவே வாங்காதீர்கள். பொடி தொட்டிக்குள்ளேயே வளைவு கட்டி நின்றுவிடும், பத்து அடிக்கு ஒரு முறை தொட்டியைத் தட்ட வேண்டிவரும்.

சக்கரத்துக்கு வருவோம். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் சக்கரம் புல்தரைக்குச் சரி. பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சரளையில் அது ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும். ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிடி பொடி மொத்தமாகக் கொட்டும், அடுத்த அரை அடிக்குக் கோடே விழாது. குறைந்தது 20 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் சக்கரம் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அச்சை மாற்றிப் போட்டுவிடலாம். தொட்டியை முழுக்க நிரப்பாமல் பாதி மட்டும் நிரப்பினால் குலுக்கலின் பாதிப்பு இன்னும் குறையும். கோடு வரும் தடத்தை முதலில் தென்னந்துடைப்பத்தால் பெருக்கிவிடுவதும் அவசியம்.

தொட்டியின் வாய் 5 செ.மீ. இருக்க வேண்டும். டிராக்குக்கும் வாலிபால் கோர்ட்டுக்கும் அதுதான் கோட்டின் அகலம். 10 செ.மீ. வாயுள்ள வண்டிகளும் விற்பனைக்கு உண்டு. பொடிச் செலவு நேர் இரட்டிப்பாகும். வாய் தரையிலிருந்து மூன்று நாலு விரற்கடைக்கு மேல் உயர்ந்திருந்தால் ஆடிக் காற்றில் பாதிப்பொடி பக்கத்து லேனில் கிடக்கும். குறுவட்டப் போட்டி நடப்பதே அந்தக் காற்றில்தான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாயைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கவிட்டால் கோடு கத்தியால் வெட்டியது போல விழும்.

பொடி விஷயத்தில் சமரசமே கூடாது. வெள்ளையடிக்க வாங்கும் சுண்ணாம்பைத் தொட்டியில் போடாதீர்கள். நீர்த்த சுண்ணாம்புக் கரைசலின் பி.எச். அளவு 12-க்கு மேல் போகும். வியர்த்த தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கபடியிலும் கோகோவிலும் பிள்ளைகள் முகம் குப்புற விழுகிற இடம் அந்தக் கோடுதான். நீர்க்காத சுண்ணாம்பு அதைவிட மோசம், ஈரம் பட்டாலே கொதிக்கும். தெருவில் தூவுகிற பிளீச்சிங் பவுடரைக் கலப்பதும் சில இடங்களில் நடக்கிறது, அதுவும் கூடாது. சாக் பவுடர் என்று விற்கும் கால்சியம் கார்பனேட் பொடியை மட்டும் வாங்குங்கள். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றால் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி லிட்மஸ் தாளைத் தோயுங்கள். சுண்ணாம்பு என்றால் சிவப்புத் தாள் சட்டென்று கரு நீலமாகும். வேதியியல் ஆய்வகம் உள்ள பள்ளியில் இது ஒரு நிமிஷ வேலை.

எவ்வளவு பொடி வேண்டும்? 5 செ.மீ. அகலத்தில் 1 மி.மீ. கனத்துக்கு விழுந்தால் மீட்டருக்குச் சுமார் 40 கிராம். சரளையில் பொடி கல் இடுக்கில் இறங்கிவிடுவதால் கண்ணுக்குத் தெரிய அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும், அதாவது 80 முதல் 100 கிராம். நாலு லேன் உள்ள 200 மீட்டர் டிராக்கில் ஐந்து கோடுகள், மொத்தம் ஏறக்குறைய 1,070 மீட்டர். ஆக 25 கிலோ மூட்டை நாலு. வாலிபால் கோர்ட்டுக்குச் சுற்றளவு 54 மீட்டர், நடுக்கோடு 9, இரண்டு அட்டாக் கோடு 18, மொத்தம் 81 மீட்டர். எட்டு கிலோ போதும்.

இனி முக்கியமான விஷயம். வண்டி போடும் கோடு அழகாக இருக்கும், அளவு தப்பாக இருந்தாலும் அதே அழகோடு இருக்கும். நேர்ப்பகுதி 50 மீட்டர் வைத்து 200 மீட்டர் டிராக் போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு வளைவும் சேர்ந்து 100 மீட்டர், ஆரம் 15.91 மீட்டர். ஓடுகிறவர் கோட்டின் மேலேயே ஓடுவதில்லை. விளிம்புக்கட்டை, அதாவது உள்விளிம்பை ஒட்டி உயர்த்தி வைக்கும் கட்டை, இல்லாத டிராக்கில் தூரத்தைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் அளக்க வேண்டும். எனவே உள்கோட்டுக்கு ஆரம் 15.71 மீட்டர். லேன் அகலம் 1.22 மீட்டர். வெளியே போகப் போக லேனின் சுற்று நீளும். எனவே முழுச் சுற்றும் அவரவர் லேனிலேயே ஓடுவதானால் இரண்டாம் லேனுக்கு 7.67, மூன்றாம் லேனுக்கு 15.33, நாலாம் லேனுக்கு 23 மீட்டர் முன்னே தள்ளித் தொடக்கக்கோடு போட வேண்டும்.

பல பள்ளிகளில் புத்தக அட்டவணையைப் பார்த்து இரண்டாம் லேனுக்கு 7.04 என்று போட்டுவிடுகிறார்கள். அது விளிம்புக்கட்டை உள்ள டிராக்கின் கணக்கு. அங்கே முதல் லேனை மட்டும் 30 செ.மீ. தள்ளி அளப்பார்கள். பொடிக்கோட்டு டிராக்கில் அந்த எண்ணைப் போட்டால் முதல் லேன் பையனுக்கு 63 செ.மீ. இனாம். மார்பு வித்தியாசத்தில் முடிவாகிற ஓட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. நன்றாக ஓடிய பிள்ளை அடுத்த சுற்றுக்குப் போகாமல் வீட்டுக்குப் போவது இப்படித்தான்.

வண்டியைத் தள்ளும்போது வரும் தவறு இன்னொன்று. குறித்த புள்ளி கோட்டின் வெளி விளிம்பில் வர வேண்டும். வண்டியின் நடுவைப் புள்ளிமேல் வைத்துத் தள்ளினால் கோடு இரண்டரை செ.மீ. வெளியே போகும், ஒரு சுற்றில் சுமார் 16 செ.மீ. கூடும். வண்டியின் முன்னால், வாயின் வெளி விளிம்புக்கு நேராக, ஒரு கம்பியை முள்போல வெல்டு செய்யச் சொல்லுங்கள். அந்த முள் புள்ளிகளைத் தொட்டபடி போனால் போதும். ஆரம் இழுக்க நைலான் கயிறு வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். ஸ்டீல் டேப்பை மைய ஆணியில் மாட்டி, வளைவில் இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள்.

இந்த அளவு டிராக்குக்குக் குறைந்தது 92 மீட்டர் நீளம், 42 மீட்டர் அகலம் தேவை. முடிவுக்கோட்டுக்குப் பிறகு ஓடி நிற்கவும் இடம் வேண்டும். மைதானம் சிறிதென்றால் டிராக் ஆசையை விட்டுவிட்டு, வண்டியைக் கபடி, வாலிபால் கோர்ட்டுகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்காக மட்டும் புது வண்டி வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், துளை போட்ட டின்னே போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பள்ளிகள் மார்கழி, தைப் பனியைக் கணக்கில் வைக்க வேண்டும். முந்தைய நாள் சாயங்காலமே தொட்டியில் பொடியை நிரப்பி வெளியில் விட்டால் காலையில் கட்டி தட்டியிருக்கும். காலையில் தரை ஈரம் காய்ந்த பிறகு, சல்லடையில் சலித்துப் போடுங்கள். பொடிக்கோடு ஒரு நல்ல மழைக்குத் தாங்காது. ஆடு மாடு குறுக்கே போகிற மைதானத்தில் இரவு தாண்டுவதே கஷ்டம். ஆகவே ஆணிகளைப் பிடுங்காமல் தரையோடு தரையாக அடித்து, தலையில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள், மறுபடி அளக்கத் தேவையில்லை. போட்டி தொடங்கும் முன் அத்தனையையும் எண்ணிப் பிடுங்கிவிட வேண்டும். நம் பிள்ளைகள் பாதிப்பேர் வெறுங்காலோடு ஓடுகிறவர்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைத் தண்ணீரில் கழுவாதீர்கள். மிச்சப்பொடியைக் கொட்டி, காய்ந்த பிரஷ்ஷால் சந்தைத் துடைத்து, அச்சில் கிரீஸ் வைத்தால் போதும். கொட்டேஷன் கேட்கும்போது துடுப்பும் லீவர் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று எழுதி வாங்குங்கள். முதலில் தேய்வது அந்த இரண்டும்தான்.