பனிமலை நகரங்களில் உழைப்பவருக்கு வீடு: மூன்று வழிகள்

பனிச்சறுக்கு நகரங்களில் வீட்டு விலையை ஏற்றுபவர்கள், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் வந்து தங்கும் வெளியூர்ச் செல்வந்தர்கள். அங்கேயே சமையல் வேலை செய்பவரும் பள்ளி ஆசிரியரும் தொலைவில் குடியிருந்து, பனி கொட்டும் சாலையில் தினமும் வண்டியோட்டி வர நேர்கிறது. இதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து பிரெக்கன்ரிட்ஜும் வெய்லும், கனடாவின் விஸ்லரும் வெவ்வேறு வழிகளைக் கண்டன.

மூன்றில் என் மனத்துக்கு நெருக்கமானது பிரெக்கன்ரிட்ஜின் வெலிங்டன் குடியிருப்பு. தங்கம் தேடி ஆற்றுப்படுகையைக் கிளறியவர்கள் குவித்துவிட்டுப் போன கற்குவியல்களைச் சமன்படுத்தி எழுப்பப்பட்டது அது. புதிய காட்டை அழிக்காமல், கெட்டுப்போன நிலத்தை மீட்டதே அதன் முதல் சிறப்பு. சிறிய மனைகளில் நெருங்கி நிற்கும் வீடுகள் பொதுப் புல்வெளியைப் பார்த்திருக்க, கார்கள் பின்புறச் சந்துக்குள் ஒதுங்கிவிடுவதால், வாசலில் குழந்தைகள் அச்சமின்றி விளையாடலாம். கடைத்தெரு சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்தான். நடக்க இயலாத நாளில் கட்டணமில்லாப் பேருந்து உண்டு. வீடுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்ளூரில் பணிபுரிவோருக்கே உரியவை என்று பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. எஞ்சியவை சந்தை விலைக்கு விற்கப்பட்டன.

விஸ்லரின் சீக்கமஸ் கிராசிங், 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் வீரர் கிராமமாகக் கட்டப்பட்டுப் பின்னர் உள்ளூர்ப் பணியாளரின் குடியிருப்பானது. அருகிலுள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்படும் கழிவுநீரின் வெப்பத்தை எடுத்து வீடுகளைச் சூடாக்கும் ஏற்பாட்டில் மற்ற இரண்டும் இதனை நெருங்க முடியாது. 1997-இல் தொடங்கிய விஸ்லர் வீட்டுவசதி ஆணையம் மறுவிற்பனை விலைக்கும் உச்சவரம்பு வைத்திருப்பதால், முதலில் வாங்கியவருக்குக் கிடைத்த சலுகை அடுத்தவருக்கும் சென்று சேர்கிறது. ஆனால் நகர மையம் பல கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பேருந்தோ காரோ இன்றி வேலைக்குப் போவது கடினம்.

வெய்லில் கட்டுவதற்கு இடமே அரிது. எனவே நகர நிர்வாகம், இருக்கும் வீட்டின் உரிமையாளருக்குப் பணம் கொடுத்து, அவ்வட்டாரத்தில் வாரம் சராசரியாக 30 மணி நேரமாவது வேலை செய்பவரே அங்கு குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்க்கிறது. மண்ணைத் தோண்டாமல், ஏற்கெனவே நடக்கத்தக்க நகருக்குள்ளேயே, விரைவில் வீடு கிடைக்கும் வழி இது. ஆயினும் இதில் விலைக்கோ வாடகைக்கோ வரம்பு இல்லை. நல்ல சம்பளக்காரர் நுழையலாம், சமையல்காரர் அப்போதும் வெளியேதான் நிற்பார். விலை வரம்பையும் சேர்த்துக் கேட்டால் உரிமையாளருக்குக் கூடுதல் தொகை தரவேண்டியிருக்கும். குறைந்த எண்ணிக்கையில் வீடுகள் கிடைத்தாலும் அதைத் தந்தே வாங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.