கண்ணாடி சொன்னது: மகள் டோல்கேட் தாண்டிவிட்டாள்

சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலருகே மாட்டியிருக்கும், முகத்தோடு தகவல்களையும் காட்டும் இந்தக் கண்ணாடியைச் செய்து நான்கு மாதம் ஆகிறது. பழைய மானிட்டர், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, முன்னால் ஒருவழிக் கண்ணாடி. மேஜிக்மிரர் என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. முதலில் அக்ரிலிக் தகடு வாங்கினேன். அது வளைந்து, முகம் பூசணிக்காயாகத் தெரிந்தது. காசு அதிகமானாலும் கண்ணாடியே வாங்குங்கள்.

சிறப்பு இடமறிதலில்தான். ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருளில் வரைபடத்தின் மேல் வட்டங்கள் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் என் கைபேசி வீட்டு வட்டத்துக்குள் இருந்தால் மட்டும் மெட்ரோ நேரம் கண்ணாடியில் வரும். மாலையில் மகளின் கைபேசி, எங்களுக்கு முந்தைய மெட்ரோ நிலையமான டோல்கேட்டின் வட்டத்தைத் தொட்டதும் "வந்துகொண்டிருக்கிறாள்" என்ற வரி தோன்றும். அம்மா உடனே தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்.

வட்டத்தை முதலில் தண்டையார்பேட்டையில்தான் போட்டேன். பிழை. அங்கே ரயில் தரைக்கடியில் ஓடுகிறது, ஜிபிஎஸ் எட்டாது. டோல்கேட் நிலையம் மேம்பாலத்தில் இருப்பதால் அங்கே சிக்கல் இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால், கைபேசியின் பேட்டரி சேமிப்பு வசதி இருப்பிடச் செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது. ஒருநாள் மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அறிவிப்பே வந்தது. அந்தச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுத்த பிறகு சரியானது. கடற்காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூக்கின்றன. மாதமொரு முறை துடைக்கிறேன். பேருந்துக்கும் இதையே செய்யப் பார்க்கிறேன், இன்னும் கைகூடவில்லை.