விற்றுவிட்டு விலகுவதா, இருந்து கதைப்பதா, எதிர்த்து வாக்களிப்பதா?

சுன்னாகம் மின்நிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த கதையை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. அதிகம் பேசப்படாத சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கம்பனியின் தாய்க் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தது. வலிகாமத்தில் இருக்கும் ஒருவர் தரகர் மூலம் அதன் பங்கை வாங்கியிருந்தால், தன் கிணற்றைக் கெடுத்த தொழிலுக்குத் தானே சிறு சொந்தக்காரர்.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? மனச்சாட்சியோடு முதலிட நினைப்பவர்களுக்கு உலகெங்கும் சொல்லப்படும் வழிகள் மூன்று. பங்கை விற்றுவிட்டு விலகலாம். உள்ளே இருந்தபடி நிர்வாகத்தோடு கதைக்கலாம். பொதுக் கூட்டத்தில் வாக்கால் அடிக்கலாம்.

விற்பது சுலபம், செலவில்லை, மனமும் ஆறும். ஆனால் நீங்கள் விற்ற பங்கை அதே நிமிடம் இன்னொருவர் வாங்குகிறார். கம்பனியின் கையிருப்பில் ஒரு சதமும் குறையாது. வாங்கியவருக்குக் கிணற்றைப் பற்றிக் கவலை இல்லையென்றால், கேள்வி கேட்கக்கூடிய ஒரு ஆள் குறைந்ததுதான் மிச்சம். இருந்தாலும் பொருளே பிரச்சினையாக இருக்கும் இடத்தில் விலகுவதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சிலோன் டொபாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பங்குகளில் ஏறக்குறைய 84 வீதம் பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவிடம். சிகரெட் விற்காதே என்று சிகரெட் கம்பனியோடு கதைத்து என்ன பயன்? வாக்களித்துத்தான் என்ன பயன்? (புகையிலையும் சுருட்டும் விற்ற காசில் கல்வீடு கட்டிய ஊர் நாங்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த விசயத்தில் பிரசங்கம் செய்ய எங்களுக்குப் பெரிய தகுதியில்லை.)

மற்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

கதைப்பது என்றால் தொலைபேசியில் முறைப்பாடு சொல்வதல்ல. பெரிய ஓய்வூதிய நிதியங்கள் பணிப்பாளர் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதும், நேரில் சந்திக்கும், இன்ன திகதிக்குள் இன்னது நடக்க வேண்டும் என்று கேட்கும். 2006இல் ஐ.நா. ஆதரவோடு தொடங்கிய பொறுப்புள்ள முதலீட்டுக் கோட்பாடுகளில் இரண்டாவதே இதுதான்: பங்கை வைத்துக்கொண்டு சும்மா இராதே, சொந்தக்காரனாக நட. இந்த வழியின் பலம் நுணுக்கம். வாக்கில் ஆம், இல்லை இரண்டுதான் உண்டு. கதையில், எண்ணெய்க் கழிவை எங்கே கொட்டுகிறீர்கள், நீரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கிறீர்கள், அறிக்கையை ஊராருக்குக் காட்டுவீர்களா என்று துருவித் துருவிக் கேட்கலாம். மூடிய கதவுக்குள் நடப்பதால் நிர்வாகமும் மானம் போகாமல் இறங்கிவர முடியும்.

பலவீனமும் அந்த மூடிய கதவுதான். தேநீரும் பிஸ்கட்டும் வரும், "கவனத்தில் எடுக்கிறோம்" என்ற பதில் வரும், அடுத்த வருடமும் அதே கதிரையில் அதே கதை. இங்கிலாந்துத் திருச்சபை இதை அனுபவித்தது. 2018இல் அதன் பொதுப் பேரவை எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஐந்து வருடம் தவணை கொடுத்தது. பாரிஸ் காலநிலை உடன்படிக்கைக்கு ஒத்து வராவிட்டால் 2023இல் வெளியேறுவோம் என்றது. அந்த ஐந்து வருடமும் கதைத்தார்கள். 2023இல் ஷெல், பிபி உட்படப் பெரிய எண்ணெய்க் கம்பனிகளை விட்டு வெளியேறுவதாக அறிவித்தார்கள். தோல்விதான். ஆனாலும் தவணை வைத்துக் கதைத்தபடியால் முடிவு என்று ஒன்றாவது வந்தது. தவணை இல்லாத கதைக்கு முடிவே கிடையாது.

வாக்கு பகிரங்கமானது. எண்ணினால் ஒளிக்க முடியாது. 2021 மே மாதம் அமெரிக்க எண்ணெய்க் கம்பனியான எக்ஸன்மொபிலின் கூட்டத்தில் நடந்ததை இன்னும் வியந்து பேசுகிறார்கள். என்ஜின் நம்பர் ஒன் என்ற சின்ன நிதியம், கையில் வெறும் 0.02 வீதப் பங்கோடு, பணிப்பாளர் சபைக்குத் தன் ஆட்களை நிறுத்தி மூன்று இடங்களைப் பிடித்தது. அந்த 0.02 வீதமா வென்றது? இல்லை. கலிபோர்னிய ஆசிரியர் ஓய்வூதிய நிதியம் முதல் பிளாக்ரொக், வன்கார்ட் போன்ற முதலீட்டு இராட்சதர்கள் வரை அந்தப் பக்கம் கைகொடுத்தார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுபட்டது. அந்தப் பிரசாரத்துக்குக் கோடிக்கணக்கில் காசும் போனது. வாக்கு மலிவானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு 2024இல் அதே எக்ஸன், காலநிலை பற்றித் தீர்மானம் கொண்டுவந்த இரண்டு சிறு பங்குதாரர் அமைப்புகளை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அவர்கள் தீர்மானத்தை மீளப் பெற்ற பிறகும் வழக்கை விடவில்லை. கடைசியில் நீதிபதிதான் தள்ளுபடி செய்தார்.

இரண்டில் எது மேல் என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால், சுரங்கக் கம்பனியான ரியோ டின்டோவைக் காட்டுவேன். 2020 மே மாதம் மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில், 46,000 வருடங்களுக்கு முன்பே மனிதர் வாழ்ந்த தடயம் உள்ள பாறைக் குகைகளை இரும்புத் தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தது அந்தக் கம்பனி. ஓகஸ்டில் பணிப்பாளர் சபை விசாரணை நடத்தி, பிரதம நிறைவேற்று அதிகாரிக்கும் இன்னும் இருவருக்கும் போனஸ் வெட்டுவதோடு முடிக்கப் பார்த்தது. அவுஸ்திரேலிய ஓய்வூதிய நிதியங்கள் விடவில்லை. இது போதாது என்று சபையிடமும் வெளியிலும் சொன்னார்கள். செப்டெம்பரில் மூவரும் வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. அதாவது ஒரு வாக்கும் விழுமுன் கதையே ஆளை இறக்கியது. அடுத்த வருடக் கூட்டத்தில் சம்பள அறிக்கைக்கு எதிராக 60 வீதத்துக்கு மேல் வாக்கு விழுந்தது. அது ஆலோசனை வாக்குத்தான், கம்பனியைக் கட்டுப்படுத்தாது. வாக்கு வரப்போகிறது என்று தெரிந்தபடியால்தான் முதல் வருடம் கதை எடுபட்டது என்பது என் கணிப்பு.

ஆனால் ரியோ டின்டோவையும் எக்ஸனையும் அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பங்குகள் பரந்து கிடக்கின்றன. இங்கே பல கம்பனிகளில் ஒரு குடும்பமோ தாய்க் கம்பனியோ பாதிக்கு மேல் வைத்திருக்கும். சுன்னாகக் கம்பனியின் தாய்க் கம்பனியிலும் பெரும்பான்மை ஒரு மலேசியக் குழுமத்திடம்தான் இருந்தது. நம் வலிகாமத்துப் பங்குதாரர் எதிர்த்து வாக்களித்திருந்தால் கணக்கில் ஒரு புள்ளிகூட அசைந்திராது. அங்கே வேலை செய்தது வழக்குத்தான். இதைச் சொல்லாமல் பங்குதாரர் சக்தி பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதுவது ஏமாற்று.

ஆகவே எந்த வழி என்று யோசிக்குமுன் ஆண்டறிக்கையின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். முதல் இருபது பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். ஒருவரிடமே 75 வீதத்துக்கு மேல் என்றால், நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டிய விசேட தீர்மானத்தையும் தனியே நிறைவேற்றுவார். அங்கே ஒன்றில் விலகுங்கள், அல்லது கூட்டத்தில் எழுந்து கேள்வி கேளுங்கள், வாக்கை நம்பாதீர்கள். முதலாமவரிடம் 15, 20 வீதம்தான், கீழே நிதியங்களும் வங்கிகளும் வரிசையாக நிற்கின்றன என்றால் வாக்குக்கு விலை உண்டு.

வாக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கொமர்ஷல் வங்கி, ஹற்றன் நஷனல் வங்கி போன்றவற்றில் வாக்குரிமையுள்ள பங்கும் இல்லாத பங்கும் தனித்தனியே விற்பனையாகின்றன. குறியீட்டில் "எக்ஸ்" என்று வந்தால் வாக்கில்லை. பெரும்பாலும் மலிவாகக் கிடைப்பதால் எங்கள் ஆக்கள் அதைத்தான் வாங்குவார்கள். பங்குலாபம் மட்டும் போதும் என்பவருக்குக் கெட்டிக்காரத்தனம். கம்பனியைத் திருத்த நினைப்பவருக்கு வாயைக் கட்டிக்கொண்டு சபைக்குப் போன மாதிரி.

இன்னொன்று, பதிலாள் படிவம்: கூட்டத்துக்குப் போக முடியாதவர் தனக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரை நியமிக்கும் தாள். அறிக்கையோடு வரும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரே ஆதரவு, எதிர்ப்பு என இரண்டு கட்டங்கள். பலர் கீழே கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுக் கட்டங்களை வெறுமையாக விடுகிறார்கள். அப்படி விட்டால் பதிலாள் தன் விருப்பப்படி வாக்களிப்பார். பதிலாளாகத் தலைவரின் பெயரையே எழுதியிருந்தால் உங்கள் வாக்கு நிர்வாகத்தின் பையில். வழமையாகக் கூட்டத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் படிவம் போய்ச் சேர வேண்டும் என்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் அனுப்புகிறவர் நாளை எண்ணி அனுப்ப வேண்டும்.

பங்கே வாங்காதவருக்கும் இதில் இடமுண்டு. தனியார் கடையிலோ வங்கியிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்பவரின் சம்பளத்தில் 8 வீதமும், முதலாளி பக்கம் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. மத்திய வங்கி நிர்வகிக்கும் அந்த நிதி கொழும்பில் பல பெரிய கம்பனிகளின் பங்குதாரர். நோர்வேயின் எண்ணெய் நிதியம் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களிக்கப் போகிறது என்பதைக் கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்பே வெளியிடுகிறது. எங்கள் காசு எந்தப் பக்கம் கையுயர்த்தியது என்று இங்கேயும் கேட்கலாம். ஒரு தனிப் பங்குதாரரின் நூறு பங்கைவிட, தொழிற்சங்கம் ஒன்று எழுதும் அந்தக் கடிதத்துக்குக் கனம் கூட.

லண்டனில் இருக்கும் மருமகனுக்கும் சொல்லிவையுங்கள். அங்கே தொழிலாளர் ஓய்வூதியத்தை நடத்தும் நெஸ்ட், புகையிலைக் கம்பனிகளை விட்டு விலகுவதாக 2019இல் அறிவித்தது. தன் ஓய்வூதியம் எங்கே கிடக்கிறது, தன் சார்பில் யார் எப்படி வாக்களிக்கிறார்கள் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்ப அவருக்கு உரிமை இருக்கிறது.