உளையில் உட்கார்ந்த படகுக்குக் கை வின்ச்: மூன்று வருட அனுபவம்

எங்களுடையது 28 அடி ஃபைபர் படகு. அதிராம்பட்டினம் பக்கம், பாக் விரிகுடாக் கரை. இந்தக் கடலைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கரையை விட்டு நெடுந்தூரம் போனாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும், அடியெல்லாம் உளைச்சேறு. ஏற்ற வற்றமும் பெரிதாகக் கிடையாது. அமாவாசை பௌர்ணமிக்குக்கூட முக்கால் மீட்டர் தேறினால் அதிகம். சிக்கலே அதில்தான். காம்பே வளைகுடா போன்ற இடத்தில் தரைதட்டினால் அடுத்த கடல் ஏற்றம் பல மீட்டர் உயர்ந்து வந்து தூக்கிவிடும். இங்கே பௌர்ணமி ஏற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், அதே அளவு தண்ணீரைப் பார்க்க அமாவாசை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

மூன்று வருடத்துக்கு முன் முத்துப்பேட்டை முகத்துவாரத்தில் அப்படித்தான் ஓர் இரவு மாட்டினோம். கஜா புயலுக்கு முன்பு வாய்க்கால் இருந்த நினைப்பில் திருப்பினேன், அங்கே திடல் இருந்தது. மறுநாள் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்ததில் படகு வெளியே வந்தது. கூடவே பின்பக்க வளையமும் ஒரு துண்டு ஃபைபரும் பிய்த்துக்கொண்டு வந்தன. அதற்கு ஆன செலவைப் பார்த்த பிறகுதான் வின்ச், அதாவது கம்பியை இழுக்கும் கருவி, வாங்கும் யோசனை வந்தது. நங்கூரத்தைத் தள்ளிப் போட்டு, அதைப் பிடிமானமாக வைத்துப் படகை நாமே இழுத்துக்கொள்ளலாம்.

முதலில் வாங்கியது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘2 டன்’ ராட்செட் புல்லர். மலிவு. ஆனால் அந்த 2 டன் என்பது கம்பியை இரட்டையாக மடித்துப் போட்டால்தான்; மடித்தால் இழுக்கக் கிடைக்கும் நீளம் 2 மீட்டர்கூட இல்லை. நாங்கள் நங்கூரத்துக்குக் கட்டியிருந்ததோ 40 மீட்டர் நைலான் கயிறு. நைலான் ரப்பர் மாதிரி நீளும். லீவரை அடித்து அடித்துக் கம்பி முழுவதும் சுற்றியாகிவிட்டது, படகு அசையவில்லை, கயிறு மட்டும் வீணைத் தந்தி போல நின்றது. அடுத்த மழைக்காலத்தில் அதன் பல் துருப்பிடித்து, இறுக்கிய பிறகு தளர்த்தவே முடியாமல் போனது. கயிற்றை அரிவாளால் வெட்டினோம். அறுபட்ட முனை சித்தப்பாவின் காதோரம் விசிறிக்கொண்டு போனது. அன்றோடு அதைக் கடாசிவிட்டேன்.

ஜீப்பில் போடும் எலக்ட்ரிக் வின்ச்சை மருமகன் சொன்னான். முழு இழுவையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும் சாமான் அது. எங்கள் இஞ்சினோ கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. படகில் பேட்டரியே இல்லை.

இப்போது இருப்பது டிர்ஃபோர் வகை லீவர் மெஷின், 800 கிலோ இழுவை. இதில் கம்பியைச் சுற்றும் டிரம் கிடையாது. கம்பி மெஷினுக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. உள்ளே இரண்டு தாடைகள் மாறி மாறிக் கவ்வி இழுக்கின்றன, நாம் கயிற்றைக் கைமாற்றி இழுப்பது போலவே. ஆகவே கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் இழுக்கலாம். பின்னோக்கித் தளர்த்த தனி லீவர் உண்டு, பாரம் இருக்கும்போதே அங்குலம் அங்குலமாக விடலாம். 20 மீட்டர் கம்பியோடு 15 கிலோ பக்கம் வரும். 1600 கிலோ மாடலையும் பார்த்தேன்; மெஷின் மட்டுமே இதைப்போல் இரண்டு மடங்கு கனம், உளையில் நின்று அதை யார் தூக்குவது?

சரி, வின்ச் கதை இவ்வளவுதான். உண்மையில் எங்களைக் கவிழ்த்தது நங்கூரம். நல்ல மெஷின் வந்த பிறகும் முதல் இரண்டு தடவை படகு நகரவில்லை; நங்கூரம்தான் எங்களை நோக்கி நடந்து வந்தது! நாலு கொக்கி வைத்த நங்கூரம் பாறையில் மாட்டும், உளையில் கஞ்சிக்குள் கரண்டி மாதிரிதான். கப்பி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்து நங்கூரத்தில் ஒரு கப்பியும் மாட்டினேன். கப்பி போட்டால் படகுக்கு இழுவை இரட்டிப்பாகும், உண்மை. நங்கூரத்துக்கும் அதே இரட்டிப்புப் பாரம் போகும் என்பது மண்டையில் ஏறவில்லை. இன்னும் வேகமாக நடந்து வந்தது.

அப்புறம் வெல்டிங் பட்டறையில் டான்ஃபோர்த் மாதிரி, இரண்டு அகலத் தட்டு வைத்த 12 கிலோ நங்கூரம் செய்தோம். இரண்டாம் உலகப் போரில் கரையேறிய தரையிறங்கு கப்பல்கள் தம்மைத் தாமே பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பயன்படுத்திய வகைதான் இது. மணலுக்குத் தண்டுக்கும் தட்டுக்கும் இடையிலான கோணம் 32 டிகிரி பக்கம் இருந்தால் போதும், சேற்றுக்கு 45 வேண்டும். முதலில் இது தெரியாமல் மணல் கோணத்தில் செய்து, பிறகு தட்டு விரிவதைத் தடுக்கும் நிறுத்தத்தை அறுத்து மாற்றினோம். தண்டோடு 4 மீட்டர் சங்கிலி, அது தண்டைத் தரையோடு படுக்க வைக்கும். கயிற்றையும் அதிகம் நீளாத பாலியஸ்டருக்கு மாற்றியாயிற்று.

நடக்கிற ஆழம்தானே என்று நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். முழங்கால் வரை இறங்கிவிடும். லாரி டியூபின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு, படகு வந்த வழியிலேயே பின்னால் போகிறோம். போட்டதும் இரண்டு பேர் தட்டின் மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டும். இந்த மிதி எந்த விலை நங்கூரத்தையும் விடப் பெரிது. படகில் ஐஸ் பெட்டி, வலை, ஆட்கள் எல்லாம் இறங்கி, இஞ்சினைத் தூக்கிவிட வேண்டும்; ஓட்டினால் கூலிங் தண்ணீரோடு சேறு ஏறும். கம்பியை ஒற்றை வளையத்தில் மாட்டாமல், படகைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் மாட்டுகிறோம். கம்பியின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்று தொங்கும், அறுந்தால் விசிறாமலிருக்க.

இறுக்கிய பிறகு சும்மா இருக்க வேண்டும். உளை படகை உறிஞ்சிப் பிடித்திருக்கும், உடனே விடாது. “இழுத்து வச்சிட்டு வெத்தலை போடு” என்பார் சித்தப்பா. பத்து நிமிடத்தில் இரண்டு பேர் பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு சத்தத்தோடு விடுகிறது. மூன்று வருடத்தில் ஏழு தடவை, ஒரு தடவைதான் அடுத்தவர் படகைக் கூப்பிட்டோம்.

குறைகளும் உண்டு. வேகம் மிக மெதுவு, ஐந்து மீட்டர் இழுப்பதற்குள் தோள் போய்விடும். உப்புத் தண்ணீர் பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விட வேண்டும். ஒரு தடவை விட்டதில் தாடை கவ்வாமல் வழுக்கியது, கழற்றிக் கழுவிய பிறகே சரியானது. கம்பி ஓரிடத்தில் முறுக்கேறிவிட்டால் அந்த இடம் மெஷினுக்குள் போகாது. என்னுடையதில் மூன்று மீட்டர் வெட்டியாகிவிட்டது.

இன்னொன்று. அளவுக்கு மேல் பாரம் வந்தால் உடைவதற்கென்றே லீவரில் சின்னப் பின்கள் வைத்திருக்கிறார்கள். என்னிடம் மாற்றுப் பின் ஒன்றுதான் மிச்சம். கடைக்காரர் அந்த அளவுக்கு ஒரு போல்ட்டைப் போடச் சொல்கிறார். போட்டால் அடுத்து உடைவது கம்பியாக இருக்கும். ஒரிஜினல் பின்னுக்கே சொல்லிவைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.