ஃபிரிட்ஜா, நைட்ரஜன் கேனா?

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, சோதனைக்குன்னு போன ஐப்பசியில எடுத்து வச்ச ஆட்டுப் புழு லார்வா (இளம்புழு) இன்னும் நெளியுது, ஆட்டுக்குக் கொடுத்தா பிடிக்குமா?" நெளிவது வேறு, வயிற்றில் போய்ப் பிடிப்பது வேறு. சோதனைக்கு வேண்டிய ஒட்டுண்ணிகளை வீரியம் குறையாமல் எதில் வைப்பது, ஃபிரிட்ஜிலா நைட்ரஜன் கேனிலா என்று சொல்லத்தான் இது.

மழைக்குப் பிறகு மானூர், சங்கரன்கோவில் பக்கம் தாடை வீங்கி நிற்கிற ஆடுகளில் பல நேரம் ஹீமோங்கஸ் புழுவின் வேலைதான். அதன் மூன்றாம் நிலை லார்வா உறைக்குள் இருப்பதால் எதையும் தின்னாது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் காலம் தள்ளுகிறது. நம்மூர் வெயிலில் வெளியே வைத்தால் துள்ளித் துள்ளியே அந்த இருப்பைத் தீர்த்துவிடும். குடுவையைப் படுக்கப் போட்டு, காற்றுப் படும்படி கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, ஃபிரிட்ஜில் 10 டிகிரி வாக்கில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் நாளாக ஆக, அதே 5,000 லார்வா கொடுத்தாலும் ஆட்டில் நிலைப்பது குறைந்துகொண்டே வரும்.

நைட்ரஜன் கேன் என்றால் சினை ஊசிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றி வைத்திருக்கிறார்களே, அதேதான். ப்ளீச் கரைசலில் உறையைக் கழற்றிவிட்டு மைனஸ் 196 டிகிரியில் போட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கரண்ட் போனாலும் கவலையில்லை, ஆனால் நைட்ரஜன் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நிரப்ப மறந்தால் எல்லாம் போச்சு. மாட்டுக்கு வரும் டிரிப்பனோசோமா என்ற ரத்த ஒட்டுண்ணியை நெடுநாள் வைக்க இதுதான் நல்ல வழி, ஃபிரிட்ஜில் சீக்கிரமே செத்துவிடும்.

கோழி ரத்தக்கழிச்சலுக்குக் காரணமான எய்மீரியாதான் முரண்டு பிடிக்கும். அதன் முட்டை போன்ற ஊசிஸ்ட்டின் ஓடு கெட்டி, உறைய வைக்கும்போது போடும் பாதுகாப்பு மருந்து உள்ளே போகாது. இது தெரியாமல் ஒருமுறை 'குளிர் கூடினால் நல்லதுதானே' என்று ஃப்ரீசரில் வைத்தேன், குஞ்சுகளுக்குக் கொடுத்து ஏழாம் நாள் எச்சத்தைப் பார்த்தால் ஓர் ஊசிஸ்ட்கூட இல்லை. 2.5 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட்டில், 4 டிகிரியில் வைப்பதுதான் சரி. அதிலும் ஆறு மாதத்துக்குள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் புதிதாக எடுத்துக்கொள்வது நல்லது. கொடுக்கும் முன் அந்த டைகுரோமேட்டை நன்றாகக் கழுவிவிடுங்கள், அது விஷம்.

என் கட்சி என்னவென்றால் கோழிக் கிருமிக்கு ஃபிரிட்ஜ், ஆட்டுப் புழுவுக்கு இரண்டும்: அன்றாட வேலைக்குக் குடுவை, கையிருப்புக்குக் கேன். தம்பியிடம், புழு இல்லாத ஒரு குட்டிக்கு அந்த லார்வாவைக் கொடுத்துவிட்டு, நாலு வாரம் கழித்துப் புழுக்கையில் முட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.